வெள்ளித்திரைப் பல்லி

தியேட்டர் திரையிலேயே ஒரு பல்லி குடியிருந்தது. படம் ஓடும்போது அதற்குக் கேட்பது வசனம், தெரிவது பார்க்க வந்தவர்களின் முகம், அவ்வளவுதான். ஆனாலும் எந்தப் படத்தையும் அது விமர்சனம் பண்ணிக் கிழிக்காமல் விட்டதில்லை.

இடைவேளையில், நாற்காலிக்கு அடியில் பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டிருந்த எலியிடம் வந்து அலுத்துக்கொண்டது.

"மனசுல பட்டதைச் சொல்றேன். நல்ல நாவலைப் படமாக்குறேன்னு கெடுத்துட்டாங்க. புருஷன் செத்துப்போய் அந்தப் பொண்ணு கதறுது, ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது!"

எலி தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, அந்த நேரத்துல நீங்கதான் ஒரு பூச்சியைத் துரத்திக்கிட்டு திரையில அந்தப் பொண்ணு மூக்கு மேல ஓடுனீங்க."

பல்லி எலியின் பக்கத்தில் நகர்ந்து வந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"மனசுல பட்டதைச் சொல்லு. நான் எப்படி நடிச்சிருந்தேன்?"