பட்டைக் கஷாயம், இரண்டு பேருக்கு

மாமா இரண்டு டம்ளர்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தார்.

பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவர். தண்ணீரைக்கூட அளக்காமல் ஊற்ற மாட்டார். ஆனால் அவர் அடுப்பு முன்னால் நின்று மருமகள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டம்ளர்களைக் கீழே வைத்ததும் அவருடைய இடது கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் ஆகிறது.

அதில் ஆறு நாளாக அவருக்கு வெளிக்குப் போகவில்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தையல் பார்க்கப் போனபோது நர்ஸ் கேட்டாள். பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அதெல்லாம் மணியடித்தாற்போல் ஆகிறது என்று சொல்லிவிட்டு மாமா சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவளோ குளியலறைக் கதவுக்கு எதிரே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவதும், தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்குவதும் அவளுக்குத் தெரியாதா?

கணவனிடம் சொல்லலாம். அவன் பஸ் ஓட்டுகிறவன். அவன் குரலும் ஹாரன் மாதிரிதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவைக் கேட்டுவிடுவான், மாடி வீடு வரைக்கும் செய்தி போய்விடும். அதற்குத் தையல் பிரிவதே மேல் என்று மாமா நினைப்பார்.

அதனால் நேற்று அவளே நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஒரு மரப்பட்டையை எடுத்துக் கொடுத்தார். உரித்து ஒரு வருடம் காயவைத்தது. புதுப் பட்டையாக இருந்தால் குடலைப் புரட்டி வாந்தி எடுக்க வைத்துவிடும், வருடம் திரும்பினால்தான் கோபம் தணிந்து வயிற்றை மட்டும் இளக்கும் என்றார். முகர்ந்து பார்த்தாள். பழைய புத்தக அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. கையோடு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு, ஆபரேஷன் ஆனவருக்கு இது ஆகுமா என்று கேட்டாள். கொஞ்சமாக, ஒரே ஒரு வேளை, கேட்கவில்லையென்றால் உடனே அழைத்து வந்துவிட வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மாமாவிடம் நீட்டினாள்.

தனக்குத்தான் நாலு நாளாக வயிறு கல் மாதிரி கிடக்கிறது என்றாள். அளவு தப்பினால் வம்பாகிவிடும், நீங்கள்தான் காய்ச்சித் தர வேண்டும் என்றாள். ஒரு ஆளுக்கென்று காய்ச்சினால் மிச்சம் வீணாய்ப் போகும், நீங்களும் ஒரு டம்ளர் குடித்துவிடுங்களேன் என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மாமா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மேஜைமேல் வைத்துவிட்டார்.

நழுவுகிறார் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் இன்று சாயங்காலம் அவரே அடுப்படிக்குப் போனார். அவளைக் கூடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார். காய்ச்சினார், வடிகட்டினார், ஆற்றினார். இப்போதுதான் கூப்பிட்டார்.

தன் பங்கை யாரும் பார்க்காமல் வாஷ்பேசினில் ஊற்றிவிடலாம் என்பது அவள் திட்டம். மாமா நகர்வதாக இல்லை. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கட்டும் என்று எதிரிலேயே நின்றார்.

வேறு வழியில்லாமல் உதட்டில் வைத்தாள்.

கசக்கவில்லை.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். வேறெதுவும் இல்லை.

நிமிர்ந்தாள். மாமா இப்போது அந்தப் பக்கம் திரும்பி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பட்டை உனக்கு ஆகாதும்மா," என்றார். "மத்தியானம் கடைக்குப் போய்க் கேட்டேன். வயித்துல பிள்ளை இருந்தா தொடவே கூடாதுன்னுட்டார்."

கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்து போய் வந்திருக்கிறார்.

அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கணவனிடம்கூட. போன தடவை எல்லோரிடமும் சொல்லி, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தடவை நாக்கைக் கட்டிப் போட்டிருந்தாள்.

இந்த மனிதரிடமா தந்திரம் செய்யப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. தன் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவரும் கேட்கவில்லை.

மாமா தன் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் அஷ்டகோணலானது. வாயைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் செய்தித்தாளைத் தேடிப் போனார்.

மறுநாள் காலையில் அவள் மெஷினில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கதவு திறந்தது. மாமா வெளியே வந்து, போகாமல், ஒரு நிமிடம் அங்கேயே நின்றார்.

"ஆச்சும்மா."

அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"ஒன்பது வாரம், மாமா."