கார்டு இல்லாத கேமரா

"என்னது? கேமராவுல மெமரி கார்டே போடலையா?"

எடிட்டர் போட்ட சத்தத்தில், விளக்கை நகர்த்திக்கொண்டிருந்த லைட்மேன் அப்படியே நின்றுவிட்டார்.

"மறந்துட்டேன் மேடம்" என்றார் ஃப்ளாஷ் அக்கா.

"குழம்புல உப்பு போட மறந்த மாதிரி சொல்றீங்க! காலையிலிருந்து காத்தையா படம் பிடிச்சீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். லென்ஸ் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஃப்ளாஷ் அக்காவைத் தெரியாத பெண்கள் பத்திரிகை கிடையாது. புதுசாக ஏதாவது உடை தைக்க வேண்டுமென்றால், பெண்கள் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கிழித்துக்கொண்டு போய் "இதே மாதிரி வேணும்" என்று தையல்காரரிடம் நீட்டுவார்களே, அதில் பாதி அக்கா எடுத்ததுதான். அப்பேர்ப்பட்ட ஆள் செய்கிற காரியமா இது?

அதுவும் அன்றைக்கு எடுத்தது அட்டைப்படம். மாடலாக நிற்க வந்த பெண்ணோ புதுசு. துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவளை யாரோ பார்த்து, சொல்லி அனுப்பியிருந்தார்கள். எடிட்டருக்கு அரை மனசுதான். "மதியம் வந்து படங்களைப் பார்ப்பேன். சரியா வரலைன்னா எப்பவும் வர்ற பொண்ணையே கூப்பிட்டுடுவேன்" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருந்தார்.

இப்போது மதியம். பார்க்கத்தான் படமே இல்லை.

"எப்பவும் வர்ற பொண்ணுக்கு போன் போடட்டுமா மேடம்?" என்று கேட்டார் லைட்மேன்.

"எதுக்கு? இவ என்ன பாவம் பண்ணினா? காலையிலிருந்து அந்தக் குதிகால் செருப்புல நின்னிருக்கா. இவங்க மறதிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பினா அது நியாயமா?" எடிட்டர் அக்கா பக்கம் திரும்பினார். "சாப்பிட்டுட்டு முதல்ல இருந்து எடுங்க. ஆனா ஒண்ணு. அடுத்த மாச அட்டைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்களும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்குங்க."

"சரிங்க மேடம்."

மேக்கப் போடுவது அக்காவின் நாத்தனார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். எடிட்டர் மேலா, அண்ணி மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. பவுடர் டப்பாவைப் படாரென்று மூடினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புதுப்பெண் மெதுவாக அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து வாயே திறக்காதவள்.

"மேடம், மனசுல வெச்சுக்காதீங்க. நான் மறுபடி நிக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"உனக்குக் கோபம் வரலையா?"

"நான் பண்ணாததா? எங்க கடையில ஒருநாள் பொம்மைக்குச் சட்டையை மட்டும் மாட்டிட்டு, பாவாடை மாட்ட மறந்து ஷோகேஸ்ல நிறுத்திட்டேன். தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. முதலாளி ஓடி வந்து, தன் துண்டை எடுத்து அதுக்குக் கட்டிவிட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்த பெண்ணும் சிரித்தாள். வாய்விட்டுச் சிரிக்கும்போது அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது.

மதியத்துக்கு மேல் ஒவ்வொரு உடை மாற்றி வரும்போதும் அவள் கேட்டாள். "கார்டு போட்டாச்சா மேடம்?"

"போட்டாச்சுடி கண்ணு. நீ நில்லு."

"எதுக்கும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்களேன்."

கிண்டல் செய்துகொண்டே நின்றாள், திரும்பினாள், நடந்தாள். சாயங்காலம் இறங்கி வந்த எடிட்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டார்.

"இவளே இருக்கட்டும்" என்றார். அக்கா பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார்.

அந்தப் பெண் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். வேலை முடிந்து அக்காவின் காரில் ஏறி உட்கார்ந்ததும் நாத்தனார் பொரிய ஆரம்பித்தாள்.

"மானம் போச்சு அண்ணி! நேத்து கேமரா பிடிச்சவன்கூட இப்படிப் பண்ண மாட்டான். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். வீட்டுக்கு வழியாவது ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் நான்தான் சொல்லணுமா?"

அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு கார்டை எடுத்து, கேமராவில் செருகி, நாத்தனாரிடம் நீட்டினார்.

"என்ன இது?"

"பாரேன்."

திரையில் அந்தப் புதுப்பெண். காலையில் போட்டிருந்த அதே நீல உடை. தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும், ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்த குழந்தை மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு, கண் கலங்கி, விறைத்துப்போய் நின்றாள்.

நாத்தனார் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள்.

"அப்ப... காலையில கார்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. மேடம் இதைப் பார்த்திருந்தா அப்பவே அவளை அனுப்பியிருப்பாங்க."

"அதுக்காக? உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே அண்ணி! அடுத்த மாச அட்டையும் போச்சு!"

அக்கா கேமராவை வாங்கி, காலையில் எடுத்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்தார்.

"இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரு, ஒரு மறதியைத் தாங்கும்டி. அவளுக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். அது தாங்காது."