ஒன்பது கிலோமீட்டர் வண்டி

"இன்னொரு பாட்டில் ஊத்து செனாமி," என்று லோகோசு மஞ்சள் கேனை நீட்டினான். இன்னும் மதியம்கூட ஆகவில்லை, அதற்குள் நாலாவது பாட்டில். பெட்ரோல் பாட்டில்களை வரிசையாக அடுக்கிய மேசைக்குப் பின்னாலிருந்து செனாமி புனலை எடுத்தாள்.

"டேய், உன் வண்டி ஓடுதா, இல்ல உக்காந்து குடிக்குதா?" என்றான் சோசா. பொஹிகோன் ரயிலடியில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிச் சவாரி அடிக்கும் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"லிட்டருக்கு ஒம்பதுதான் குடுக்குதுண்ணே. வழியில நின்னுடும், கையில இருக்கட்டுமேன்னு..." லோகோசு கேனை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சோசாவுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. அவனுடையது நூற்றிருபத்தைந்து சி.சி. சிவப்பு வண்டி, லோகோசுவுடையது நூற்றுப் பத்து, நீலம். சின்ன வண்டி குறைவாகக் குடிக்கும் என்பது ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். இவனுக்கு மட்டும் ஓட்டை வாளி வந்து வாய்த்திருக்கிறது.

பாவம், சம்பாத்தியமெல்லாம் டேங்கிலேயே போகிறது போல. மூன்று மாதமாக வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லையாம், ஆறிப்போன அகாசாக் களியை வாங்கி வெங்காயத்தோடு தின்கிறானாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

சோசாவின் கவலை வேறு. முந்தாநாள்தான் செனாமியிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டிருந்தான். "உன்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். தன் முகம், குரல், சொத்து எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கு," என்றான்.

"பக்கத்துல இன்னொரு வண்டி ஓடினாத்தானே உன் பெருமை தெரியும்? ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டு. அன்னிக்கே பதில் சொல்றேன்."

ரயிலடியில் நாற்பது வண்டி இருக்க, சோசா வலை போட்டுப் பிடித்தது லோகோசுவை. ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றால் அறுபது ஆகாயத்தைத் தொடும் என்கிற கணக்கு. "நான் வரலண்ணே, விட்டுடுங்கண்ணே," என்று அவன் கெஞ்சியும் சோசா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அகோசா இரண்டு வண்டிகளையும் படுக்கப்போட்டு டேங்கைச் சொட்டு விடாமல் வடித்தார். செனாமி ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினாள். ரயிலடி, சந்தை, மேட்டுத் தெரு என்று சுற்றி மறுபடி அவள் கடைக்கு வந்தால் நாலு கிலோமீட்டர். சுற்றுக்கு ஒரு பாட்டில் மூடியை மேசையில் வைப்பாள்.

சோசா கண்ணாடி, ஹாரன், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வந்திருந்தான். எடை குறைய முந்தின நாளிலிருந்து பட்டினி. இறக்கத்தில் எஞ்சினை அணைத்தான். மூச்சைக்கூடச் சிக்கனமாகத்தான் விட்டான்.

மூன்றாவது சுற்று முடிந்தும் நீல வண்டி பின்னாலேயே வந்தது. "டேய், ஒம்பது தாண்டிருச்சேடா!" என்று சோசா கத்தினான்.

"அதான்ணே எனக்கும் புரியல," என்றான் லோகோசு. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஐந்தாவது சுற்றில் லோகோசு வண்டியை இரண்டாவது கியரிலேயே அலறவிட்டுக்கொண்டு போனான். ஏழாவதில் அவனுக்குப் பின்னால் சந்தையில் ஏற்றிய பருத்த அம்மாள் ஒருத்தி. ஒன்பதாவதில் அந்த அம்மாளுக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆடு.

"எறக்கி விடுடா பாவி! என் வீட்டைத் தாண்டி மூணு தடவை போயிட்ட!" என்று அம்மாள் அவன் முதுகில் குத்தினாள். நீல வண்டியோ திணறல்கூட இல்லாமல் மேட்டுத் தெருவில் ஏறியது.

"நின்னு தொலையேன்," என்று லோகோசு டேங்கைத் தட்டிக் கெஞ்சுவது சோசாவின் காதில் விழுந்தது. பயலுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பன்னிரண்டாவது சுற்றின் முடிவில், கடை வாசலிலேயே, நீல வண்டி ஒருவழியாக நின்றது. சோசா விசிலடித்துக்கொண்டே அதைத் தாண்டினான். பதினைந்தாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் அவன் வண்டியும் இருமி ஓய்ந்தது. அதைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்து, "அறுபது!" என்று கத்தினான்.

ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் மேசையில் இருந்த பன்னிரண்டு மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பத்தெட்டு," என்றார் அகோசா. "அதுவும் ரெண்டாவது கியர்ல. ஆட்டோட. டேய் லோகோசு, ஒழுங்கா ஓட்டினா இது எழுபது குடுக்கும்டா. வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

செனாமி மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். எந்தச் சவாரிக்காரனுக்காகவும் அவள் அப்படி எழுந்து வந்து சோசா பார்த்ததில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவள் சிவப்பு வண்டியைத் தாண்டிப் போய், நீல வண்டியின் ஹேண்டிலில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ மூணு மாசமா," அவள் குரல் இறங்கியிருந்தது, "தினம் நாலு தடவை, அஞ்சு தடவை வந்து வாங்கிட்டுப் போனியே, அந்தப் பெட்ரோலெல்லாம் எங்க?"

லோகோசு ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"என் கட்டிலுக்கு அடியில இருக்கு."