பொன்னரசி பேரில் ஒரு துப்பாக்கி

வெள்ளிக்கிழமை புதுச் சட்டம் வருகிறது. வீட்டுக்கொரு துப்பாக்கி கட்டாயமா, அல்லது லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு ஏழாண்டு சிறையா என்பது அமைச்சருக்கே தெரியாது. ஆனாலும் ஈரோட்டுத் துப்பாக்கிக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம்.

நெடுநேரம் யோசித்த செங்கோடன், "லைசென்ஸை எஞ்சம்சாரம் பேர்ல போட்ருங்க" என்றார்.

இருபது வருடத்தில் ஒரு சென்ட் நிலம்கூடத் தன் பேரில் எழுதாத கணவரின் தாராளத்தைக் கண்டு பொன்னரசிக்குப் புல்லரித்தது.

கடைக்காரர் அவள் கட்டைவிரல் ரேகையைத் துப்பாக்கியில் பதிவு செய்தார். "இனி நீங்க தொட்டாத்தானுங்க வெடிக்கும். சார் தொட்டா வெடிக்காது."

பொன்னரசி அதைக் கையில் எடுத்துக் கணவரை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏனம்மிணி, நம்ம கீழ்க்காட்டு நெலத்தையும் உம்பேருக்கே எழுதீரட்டுமா?" என்றார் செங்கோடன்.