குளியலறைக் கணக்கு

என் கணவன் வளவனுக்கு வலிப்பு உண்டு. தாழ்ப்பாள் போடாமல் குளி என்றால் கேட்கமாட்டான். அதனால் அவன் குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்று மனக்கணக்குக் கேட்பேன். "பதினேழு இன்ட்டு மூணு?" "அம்பத்தொண்ணு. இதெல்லாம் ஒரு கணக்கா, கொடி?" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சிரிப்பான். விளையாட்டு பிடித்துப்போய், நான் குளிக்கும்போதும் வந்து நின்று கேட்க ஆரம்பித்தான். பதில் வராவிட்டால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும் என்பதுதான் பேச்சு. போன ஆடியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் விழுந்தவன் எழவேயில்லை. அங்கே அவனிடம் கணக்குக் கேட்க ஆளில்லை.

இன்று காலை முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தபோது வெளியே அவன் குரல் கேட்டது. "பதினாறு இன்ட்டு நாலு?"

"அறுபத்தி நாலு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் இல்லை என்பது உறைத்தது.

"சரி. இருபத்தி மூணு இன்ட்டு ஆறு?"

விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழாயை மூடினேன்.

"கொடி?" கதவு தட்டப்பட்டது. "கொடி, பதில் சொல்லு!"

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தாழ்ப்பாளையே பார்த்தபடி காத்து நின்றேன்.