கோச்சைப் பார்க்க வந்த கூட்டம்

ஃபுட்பால் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுத் திரையிலும், அந்த வீட்டார் விரும்பிய நிறத்திலும் மதத்திலும்தான் கோச் தெரிவார்; குரல் மட்டும் மாறாது. கோப்பையை வென்ற அன்று, அதுவரை தன்னைத் திரையில் மட்டுமே பார்த்து, சென்னை மைதான வாசலில் காத்திருந்த ரசிகர்களுக்காக கோச் ததேயு அணியின் பேருந்திலிருந்து முதல் ஆளாக இறங்கினார். கறுத்த உடம்பு, கழுத்தில் சிலுவை.

"எங்க கோச் சட்டைய நீ ஏன்டா போட்டுருக்க?" ஒருவன் ஓங்கி அறைந்தான்.

"நாந்தான் மக்கா ஒங்க கோச்சு!"

மூன்று வருடமாக அவரவர் வீட்டுத் திரையில் கேட்ட அதே குரல்.

"குரலையும் திருடிட்டான்டா!"

கொடிக்கம்பு ததேயுவின் மண்டையைப் பிளந்தது. சிலுவையை அறுத்தெறிந்து, விலா முறிய மிதித்தார்கள். அவர் ரத்தத்தைத் துப்பக்கூட முடியாமல் தரையில் கிடந்தார்.

அறைந்தவன் பேருந்தைப் பார்த்துக் கத்தினான்: "பயப்படாம எறங்கி வாங்க கோச்! நாங்க இருக்கோம்!"