சனிக்கிழமைக் கையெழுத்து

புயல் கரை கடந்த மறுநாள் காலை. மின்சாரம் போய்ப் பதினைந்து மணி நேரமாகிறது. சதுரங்கப்பட்டினம் சாலையோரத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தின் பின்புறம், திரிந்துபோன பால் குழாய்வழியே இறங்கி, செம்மண் மழைநீரில் வெள்ளைக் கோடாக ஓடுகிறது. இரண்டு நாய்கள் அதை நக்குகின்றன. மேற்பார்வையாளர் காசிநாதன் ஜெனரேட்டரின் சாவியை மறுபடியும் திருப்புகிறார். ‘டிக்’ என்கிறது, அவ்வளவுதான். பேட்டரி முனைகளில் பச்சையாக உப்பு பூத்திருக்கிறது. நேற்று மாலை மூன்று மாட்டுப் பாலை முழங்கால் தண்ணீரில் சுமந்துவந்து ஊற்றிய செங்கம்மாள், காலிக் கேனோடு அவர் பின்னால் நிற்கிறாள். “நீ இன்னா பண்ணுவ சார்? காத்து அடிச்சதுக்கு உம்மேல இன்னா தப்பு கீது?” என்கிறாள். ஜெனரேட்டரில் கட்டியிருக்கும் அட்டை ஈரக்காற்றில் ஆடுகிறது. சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதவேண்டிய அட்டை அது. கரும்புகையும் இரைச்சலும் எதற்கென்று, மாதத்தின் முதல் நாளே மொத்தத்தையும் நிரப்பிவிடுவது அவர் வழக்கம். அவர் கை அட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. இன்று சனிக்கிழமை. இன்றைய தேதிக்கு நேரே, அவருடைய அழகான கையெழுத்தில் இருக்கிறது: ‘ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது.’